நான் மைக்கில் சொன்ன ‘லைன்’

எங்கள் கம்பெனியில் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லாரும் ஷெட்டுக்கு நடுவில் வட்டமாக நிற்க வேண்டும். பாதுகாப்பு உறுதிமொழி சொல்வோம். முந்தின நாள் எத்தனை விளக்கு ரிஜெக்ட் ஆனது என்று லைன் லீடர் சொல்வார். கையைத் தூக்கி இறக்கிக் கொஞ்சம் உடற்பயிற்சி. அதன் பிறகு வேலை. பல வருடமாக அந்த வட்டத்தில் நின்றிருக்கிறேன். உறுதிமொழிக்கு உதட்டை அசைத்ததைத் தவிர அங்கே என் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. யாராவது உயரமான ஆளைப் பார்த்து அவர் பின்னால் நின்றுகொள்வேன். வட்டத்தில் பின்னால் நிற்பது எப்படி என்று கேட்கலாம். பழகினால் முடியும்.

வண்டிகளுக்கு விளக்கு செய்யும் கம்பெனி அது. ஸ்டோரிலிருந்து உதிரிப் பாகங்களை டிராலியில் ஏற்றி, விளக்கு பூட்டும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. டிராலிக்குப் பின்னால் இருப்பவனை யாரும் பார்ப்பதில்லை. அதனால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

போன வருடம் பயிற்சிப் பிரிவுக்குப் புதிதாக ஒரு மேடம் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். சிரித்த முகம். வந்த சில நாட்களில் காலை வட்டத்தில் புது ஏற்பாடு ஒன்றைச் சொன்னார். தினமும் ஒருவர், கம்பெனியில் புழங்கும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துக்கொண்டு, அதற்கு என்னென்ன அர்த்தம் என்று தெரிந்ததைச் சொல்ல வேண்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம்.

“இங்க தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தின்னு எல்லாரும் இருக்கீங்க. ஆனா ‘ரிவர்க்’னு சொன்னா எல்லாருக்கும் புரியுது. அப்ப அதுதானே நம்ம பொது பாஷை” என்றார்.

ஆட்கள் ஆர்வமாகத்தான் சொன்னார்கள். ஒரு ஒடிசாப் பையன் ‘ஓகே’ என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டு, தன் மாமியாருக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் அதுதான் என்று இந்தியில் சொன்னான். அவன் சொன்னதை இன்னொருவர் கன்னடத்தில் சொல்ல, மூன்றாவதாகத் தமிழில் வந்து சேர்ந்தபோதும் சிரிப்பு மிச்சம் இருந்தது. நான் உயரமான ஆளுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். முறை வைத்து வருகிறார்கள், ஒரு நாள் என்னிடமும் வரும் என்று பயம் இருந்தது.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மகள் டிப்ளமோ முடித்து, அதே கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தாள். அவளும் அந்த வட்டத்தில்தான் நிற்பாள். யூனிஃபார்மில் நான் சாம்பல் சட்டை, அவள் நீலச் சட்டை. அவள் என் மகள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் மைக்கைப் பிடித்துத் திணறினால் தலைகுனிவு அவளுக்குத்தானே. எனக்கு வேண்டியதெல்லாம், அந்த நீலச் சட்டைக்கு என்னால் ஒரு கறை படக்கூடாது என்பதுதான்.

என் முறை வியாழக்கிழமை என்று லைன் லீடர் சொல்லிவிட்டார். அவர் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். சில நேரம் மூன்றும் ஒன்றாக வந்துவிடும்.

“ஏனண்ணா, வியாழக்கிழமை உங்க கச்சேரி. லீவு கீவு போட்டுடாதீங்க. போட்டா வெள்ளிக்கிழமை செப்பணும்” என்றார்.

லீவு போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று வீட்டில் சொன்னதும் மகள் துள்ளி எழுந்தாள். எந்த வார்த்தை, எந்த வார்த்தை என்று பிடித்துக்கொண்டாள். எனக்கு லைன் என்ற ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. என் காலம் முழுக்க அந்தச் சொல் கூடவே வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு சூளகிரியில் ஷெட்டுகள் எழும்பிய காலத்தில் நான் கொத்தனாருக்குக் கையாள். “லைன் புடிடா” என்று அவர் சொன்னால், நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்க வேண்டும். குருபரப்பள்ளியில் எங்கள் ஊர்க்காரர்கள் ரோட்டோரம் நின்று கைகாட்டுவது ஊருக்கு ஊர் நின்று போகும் லைன் பஸ்ஸுக்கு. மழை பெய்தால் கரண்ட் லைன் போகும், அதைச் சரிசெய்ய வருபவர் லைன்மேன். போனில் காத்திருக்கச் சொன்னால் ‘லைன்ல இருங்க’. பெண்பிள்ளைகளைப் பார்த்துப் பையன்கள் பல்லைக் காட்டினால் அது லைன் போடுவது. கம்பெனியில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும் பெல்ட்டும் லைன். நாங்கள் குடியிருப்பதும் மத்திகிரியில் லைன் வீட்டில்தான். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள். கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு கக்கூஸ்.

“இவ்ளோ இருக்கே, போதும்பா. ஆனா இது எங்கேருந்து வந்த வார்த்தைன்னும் சொல்லணும். அப்பதான் கெத்து” என்று மகள் போனில் தேடினாள். படித்துப் படித்து எங்களுக்குச் சொன்னாள். ஆளி என்று ஒரு செடி. அதன் விதையை மருந்துக் கடையில் விற்கிறார்கள். அந்தச் செடியின் தண்டில் நார் எடுத்து, வெளிநாட்டில் ரொம்பப் பழைய காலத்திலிருந்தே நூல் திரித்தார்களாம். அந்த நூலுக்குத்தான் முதலில் அந்தப் பேர். நூலை இழுத்துக் கட்டினால் நேராக நிற்கிறது, அதனால் நேராக இருக்கும் கோட்டுக்கும் அதே பேர் வந்தது. கோடு மாதிரி ஆட்கள் நின்றால் அதற்கும். லினன் சட்டை என்று கடையில் விலை சொல்கிறார்களே, அந்தத் துணியும் அதே செடிதான்.

ரோஜாப் பண்ணையில் வேலை முடித்து வந்து, கையில் முள் எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். “ஏன் பாப்பா, பிளவுஸுக்கு டெய்லர் லைனிங் வெக்கணுங்கறானே, அது?”

மகள் மறுபடி தேடினாள். “அதுவும் அதேதாம்மா. முன்னெல்லாம் அந்தத் துணியதான் உள்ள குடுத்துத் தெச்சிருக்காங்க.”

“அப்ப நான் போடறதும் அதே செடிதான். உங்கப்பனுக்கு மட்டும் என்னா பெருமை” என்றாள் மனைவி.

மூன்று பேரும் சிரித்தோம். மகள் என்னை நிற்க வைத்து, கரண்டியை மைக்காகக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னாள். ‘ஆளி’யில் ஆரம்பித்து ‘லைன் லீடர்’ வரை சொல்லி, நன்றி வணக்கம் போட வேண்டும். லைன் வீட்டை அவள் அந்தப் பேச்சில் சேர்க்கவில்லை. நேரம் போதாது என்று விட்டிருப்பாள் என நினைத்தேன்.

வியாழக்கிழமை மைக்கைக் கையில் வாங்கியதும் ஆளிச் செடி எங்கே போனது என்று தெரியவில்லை. “வணக்கம். என் வார்த்தை லைன்” என்றேன். அதோடு சரி. வட்டத்தில் அத்தனை முகங்கள். நடுவில் நின்றவனுக்கு ஒளிந்துகொள்ள உயரமான ஆள் கிடையாது. மேடம் போனைத் தூக்கி வீடியோப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மகள் எதிர்ப்பக்கம் நின்று, ‘செடி, செடி’ என்று வாயசைத்தாள். எனக்கு அது புரிந்தது. ஆனால் நாக்கு எழவில்லை.

லைன் லீடர் என்மேல் இரக்கப்பட்டார். “அண்ணா, நம்ம கம்பெனி லைன விடுங்க. உங்க வீட்டாண்ட ஏதாச்சும் லைன் இருக்கா? எங்க இருக்கீங்க நீங்க?”

“மத்திகிரி. லைன் வீட்லதாங்க” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். வட்டத்தில் பாதிப் பேர் லைன் வீட்டுக்காரர்கள்தான். அந்தச் சிரிப்பு என்னைத் தொட்டது. பயம் கொஞ்சம் விட்டது.

“எங்க லைன்ல காத்தால ஆளுங்க நிக்க மாட்டாங்க. வாளிதான் நிக்கும். கக்கூஸுக்கு முன்னால அவங்கவங்க வாளிய வரிசையா வெச்சிட்டுப் போயிருவாங்க. வாளி நின்னா ஆளு நின்ன மாதிரி. எங்களுது பச்ச வாளி. ஒரு நாளு கடைசி வீட்டுக்காரரு எங்க வாளியத் தள்ளிட்டு அவரு வாளிய முன்னால வெச்சிட்டாரு. எம் பொண்டாட்டி அவரு வாளில மண்ணு ரொப்பி வெச்சிட்டா. அவரு தூக்கவும் முடியாம, வாளி இல்லாம உள்ள போவவும் முடியாம, சுத்திச் சுத்தி வந்தாரு.”

ஷெட்டே சிரித்தது. லைன் லீடர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். என் பேச்சைக் கேட்டு இத்தனை பேர் சிரித்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. எதிரே மகள் தலை குனிந்தது தெரிந்தது. ஆனாலும் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. உள்ளே போய்ப் போன் பார்க்கிறவரைக் கதவைத் தட்டி எழுப்புவது, மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வாளிக்குக் காவல் நிற்பது, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மகளைக் கைகாட்டி, “எம் பொண்ணு டிப்ளமோ படிச்சதே அந்த லைன்லதாங்க. வாளி பக்கத்துல நின்னுகினேதான் பரீட்சைக்குப் படிக்கும்” என்றேன். அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

கைதட்டினார்கள். மகளும் தட்டினாள். கண்கள் மட்டும் கீழே, அவளுடைய ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தன. கூச்சப்படுகிறாள், என்னை மாதிரி, என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் மத்தியானம் கேன்டீனில் தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் டிரெய்னிகள் உட்கார்ந்திருந்தார்கள். மகளோடு சேர்ந்த ஒரு பெண், ஓசூர் டவுனில் சொந்த வீடு உள்ளவள், அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏய், மாடி வீடு, கீழ வாடகைக்கு விட்டிருக்கோம்னு சொன்னே. உங்கப்பா லைன் வீடுன்னாரு?”

“அது… அது முன்னாடி இருந்தது.”

“பச்ச வாளி இன்னும் இருக்கற மாதிரி சொன்னாரே. வீட்ல சும்மா இருக்கப் புடிக்காம வேலைக்கு வர்றாருன்னும் சொன்னே.”

கேலியாகக் கேட்டாளா, சாதாரணமாகக் கேட்டாளா என்று குரலில் தெரியவில்லை. மகள் பதில் சொன்னது என் காதில் விழவில்லை. சாம்பார் ஆறும் வரை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எழுந்து போனபின்தான் தூணை விட்டு வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து என் வெட்கத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மகள் பொய் சொல்லிவிட்டாள் என்று ஒரு பக்கம். அவள் பொய் சொல்லும்படி அவளை வைத்திருந்தது நான் என்று இன்னொரு பக்கம். இரண்டுக்கும் மேலே, அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது. நான் பேசியபோது அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் குனிவதைப் பார்த்தேன். ஆனாலும் இன்னும் ஒரு சிரிப்பு கிடைக்காதா என்றுதான் மேலே பேசினேன்.

கம்பெனி பஸ்ஸில் அவள் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். வீட்டில் மனைவி, “என்னாச்சு, பேசினாரா உங்கப்பா?” என்று கேட்டாள்.

“நல்லாப் பேசினாரும்மா. எல்லாரும் சிரிச்சாங்க” என்றாள் மகள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மனைவி தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, “எனக்குத் தெரியாது பாப்பா, நீ மாடி வீடுன்னு சொல்லியிருந்தது” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “தெரிஞ்சிருந்தா என்னா சொல்லியிருப்ப?”

தெரிந்திருந்தால் மாடி வீடு என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். படிக்கட்டுக்குப் பெயிண்ட் என்ன கலர் என்பது வரை சொல்லியிருப்பேன். அது அவளுக்கும் தெரிந்துவிட்டது போலத் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மேடம் அந்தப் படத்தைக் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். கீழே கைதட்டும் பொம்மைகள் நிறைய. மற்ற ஊர்க் கிளைகளுக்கும் அனுப்பப் போவதாக லைன் லீடர் சந்தோஷமாகச் சொன்னார். “அண்ணா, பெங்களூர் வரைக்கும் உங்க வாளி போவுது.”

மேடத்தின் கண்ணாடி அறைக்குள் நான் அதுவரை போனதில்லை. டிராலியை வெளியே நிறுத்திவிட்டு, கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நின்றேன். அவரே எழுந்து வந்து திறந்தார்.

“அந்தப் படத்த எடுத்துருங்க மேடம்.”

“ஏங்ண்ணா? நல்லாத்தானே பேசுனீங்க. அவ்வளவு இயல்பா யாரும் பேசலீங்க.”

மகளைப் பற்றிச் சொல்ல முடியாது. “எனக்குக் கூச்சமா இருக்குதுங்க” என்றேன். அதுவும் பொய் இல்லை. அவருக்கு முகம் வாடிவிட்டது. என் எதிரிலேயே போனை எடுத்து அழித்தார். “உங்களக் கேட்டுட்டுப் போட்டிருக்கணும். தப்பு என்னுதுதானுங்க” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஒரு தவறும் செய்யாத பெண்ணை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டு வெளியே வந்தேன். டிராலி வைத்த இடத்தில் இல்லை. வழியில் இருக்கிறது என்று யாரோ ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள்.

மகள் மகிழ்வாள் என்று நினைத்தேன். சாயங்காலம் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது, வழியிலேயே நின்றாள்.

“ஏம்பா எடுக்கச் சொன்ன? நான் சொன்னனா உன்கிட்ட?”

“உனக்காகத்தான்…”

“அதத்தான் எல்லாரும் நெனைக்கறாங்க. நான்தான் உன்ன மெரட்டி எடுக்க வெச்சேன்னு. பெத்த அப்பன் பேசினது அவளுக்குக் கேவலமா போச்சுன்னு.” பையைக் கை மாற்றிக்கொண்டாள். “சேந்த மொத நாள் வீடு எங்கன்னு கேட்டாங்க. அவ வீட்டப் பத்தி அவ சொல்லிகினே இருந்தா. என் வாயில என்னமோ வந்துருச்சி. அப்பறம் அத மாத்த முடியல. அவ்ளோதான். உன்ன நெனச்சி நான் வெக்கப்படலப்பா.”

கடைசியில் சொன்னதை நான் நம்பவில்லை. அவளும் நம்பினாளா என்று தெரியாது. ஆனாலும் சொன்னாள். நான் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் காலையிலேயே அறையைக் கழுவினாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த பைகளை எல்லாம் இழுத்து வெளியே வைத்து, துடைத்து, மறுபடி உள்ளே தள்ளினாள். தன்னோடு வேலை செய்யும் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பதாகத் தன் அம்மாவிடம் சொன்னாள். கேன்டீனில் மாடி வீட்டைப் பற்றிக் கேட்ட அதே பெண். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். கடையில் எனக்கு எந்த வேலையும் இல்லை. மாட்டுப் பண்ணை வேலியோரமாக நடந்துபோய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். நான் அங்கே இல்லாமல் இருந்தால், ஒரு ஆள் குறைந்து அறை கொஞ்சம் பெரியதாகத் தெரியும் என்று நினைத்தேன்.

வெயில் ஏறியதும் மகள் போன் செய்தாள். “எங்கப்பா இருக்க?”

“கடையில.”

“மாடு கத்தற சத்தம் கேக்குது. சோறு ஆறுது, வா.”

போனேன். வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அந்தப் பெண் எங்கள் ஒரே கட்டிலில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “வாங்க அங்கிள்” என்று என் வீட்டிலேயே என்னை வரவேற்றாள். அவள் பார்வை சமையல் மேடைக்கும், அலமாரிக்கும், துணி தொங்கும் கொடிக்கும் போய்த் திரும்பியது. திரும்புவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அடுத்த வீட்டு டிவி சத்தம் சுவர் வழியாக எங்களுக்கும் சேர்த்துக் கேட்டது.

“இதான் எங்க வீடு. இவ்ளோதான்” என்றாள் மகள்.

“கறி நல்லா இருக்குது ஆன்ட்டி, காரம் சரியா இருக்கு” என்றாள் அந்தப் பெண், என் மனைவியைப் பார்த்து.

இந்த வீட்டை மாற்றப் போகிறோம், தை பிறந்ததும் வேறு வீடு பார்க்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படி எந்த யோசனையும் எங்களுக்கு இல்லை. மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூடிக்கொண்டேன்.

மனைவி எனக்கும் தட்டு வைத்தாள். வாசலுக்கு எடுத்துப் போய்ச் சாப்பிடலாம் என்று தட்டைத் தூக்கினேன். “இங்கயே உக்காருப்பா” என்று மகள் தன் காலை மடக்கி இடம் விட்டாள். தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகம் சூடாகத்தான் இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தேன். கட்டிலிலிருந்து அந்தப் பெண் ரசம் கேட்டாள். பாத்திரம் எனக்குத்தான் எட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து ஊற்றினேன்.